செவலையின் கடைவாய்ப் பல்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். மளிகைச் சீட்டும் பிள்ளைகளுக்கு லீவு லெட்டரும் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். ஆனால் போன மாதம் என் அண்ணன் மகன், கால்நடை மருத்துவம் படிக்கிறவன், கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். ஏதோ ஒரு வெளிநாட்டில் குதிரைக்குப் பல் ஆபரேஷன் நடக்கிறது. கன்ன எலும்பில் துளை போட்டு, மேலேயிருந்து தட்டி, பல்லை வாய்க்குள் இறக்குகிறார்கள். "இதெல்லாம் நம்ம பக்கம் யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க அத்தை" என்றான்.

நான் பார்த்திருக்கிறேன், இலுப்பூரில், ஆறாவது படிக்கும்போது என்றேன். அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்த அண்ணனும் சிரித்தார். அண்ணன் அப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தார், அவருக்கு என்ன தெரியும்? வாயால் சொன்னால் என் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குதிரை என் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா மலேசியாவில் ஓட்டல் வேலையில் இருந்தார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வாசனைச் சோப்பும் போர்வையும் கொண்டுவருவார், திரும்பிப் போய்விடுவார். வீட்டில் ஆண் துணை வேண்டும் என்று அம்மா கூப்பிட, மாமா வந்து எங்களோடு தங்கினார். நான் பிறப்பதற்கு முந்திய கதை அது. எனக்கு நினைவு தெரிந்தபோது கிணறு எங்கே இருந்ததோ அதே மாதிரி மாமாவும் வீட்டில் இருந்தார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு இலுப்பூர் போக வேண்டும். அக்கா ஆறாவது சேர்ந்த வருஷம் மாமா குதிரை வண்டி கட்டினார். அக்கா போனாள், பிறகு அண்ணன் போனார், கடைசியாக நான். கூட ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர். வைக்கோல் பரப்பிய வண்டிக்குள் பைக்கட்டுகளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குதிரையின் பெயர் செவலை. நிறத்தை வைத்துக் கூப்பிட்டதே பெயராகிவிட்டது.

நான் ஆறாவது சேர்ந்த வருஷம் செவலைக்கு வாய் கெட்டது. புல்லை மென்று மென்று, விழுங்காமல், எச்சிலோடு உருண்டை உருண்டையாகக் கீழே துப்பியது. கொள்ளு வைத்தால் ஒரு வாய் எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். இடது கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியது. அந்தப் பக்கத்து மூக்கிலிருந்து மட்டும் சீழ் வடிந்தது. அதன் நாற்றத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. செத்த எலியை மோர்ப்பானையில் போட்டு மூடி வைத்த மாதிரி என்று அம்மா சொல்வாள். குதிரை முன்னால் போகிறது, நாங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம், காற்று எங்கள் பக்கம்தான் வரும். பள்ளிக்கூடம் போய் இறங்கினால் நாற்றமும் கூடவே இறங்கும்.

"ஏய், ஒங்க குதிரைக்குப் பல்லு வெளக்கிவிட வேப்பங்குச்சி இல்லையாடி?" என்று என் பெஞ்சுக்காரி கேட்பாள். அடுத்த பெஞ்சு, "குச்சி பத்தாதுடி, வேப்பமரத்தையே வெட்டணும்" என்று சொல்லும்.

இலுப்பூரில் கால்நடை ஆஸ்பத்திரி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியிலேயே இருந்தது. அம்மா தினமும் காலையில் சொல்வாள்:

"போற வழியில டாக்டருட்ட காட்டிட்டுப் போயேன்டா."

"அவரு மாட்டு டாக்டருக்கா. குதிரைக்குப் பாக்க மாட்டாரு."

"மாட்டுக்குப் பாக்குறவரு குதிரைக்குப் பாக்க மாட்டாரா? ஒனக்கே பாக்கச் சொல்றேன், வா!"

மறுநாள், டாக்டர் லீவு என்பார். அதற்கு மறுநாள், இன்றைக்குக் கூட்டம் என்பார். கூட்டமா இல்லையா என்று எனக்கும் தெரியாது. ஏனென்றால் மாமா அந்தத் தெருவிலேயே வண்டியை விடவில்லை. கண்மாய்க் கரையைச் சுற்றி, சந்தைப்பேட்டைக்குப் பின்னால் நுழைந்து, பள்ளிக்கூடத்தின் பின்வாசலுக்குக் கொண்டுபோனார். ஏன் மாமா இங்கிட்டுப் போறோம் என்றால், ரோடு நல்லாருக்கு ஆத்தா என்பார். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் எங்கள் தலைகள் ஒன்றோடொன்று முட்டும்போது அவர் அப்படிச் சொல்வார். தினமும் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். தினமும் வகுப்புக்கு வெளியே நின்றேன். ஒரு பக்கம் நாற்றம், ஒரு பக்கம் தாமதம். அந்த வருஷம் எனக்கு வந்த எரிச்சலை இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

காரணம் எனக்கு அப்போது தெரியாது. பிற்பாடு ஒவ்வொன்றாக, அக்கா சொல்லியும் அம்மா சொல்லியும் தெரிந்தது. படிக்கிறவர்களை நான் குழம்ப விட விரும்பவில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆனி மாதம் மாமாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. மாமாவுக்கு முப்பத்தாறு. அவ்வளவு வித்தியாசம் என்றால் கொடுக்க மாட்டார்கள் என்று அம்மா, இருபத்தெட்டு என்று சொல்லிவிட்டாள். மாமா ஒல்லி, தலையில் நரை இல்லை, சொன்னால் நம்பலாம். பெண் பார்க்கப் போன அன்று பஸ்ஸில் போனோம். பெண்கள் உள்ளே போய்விட்டோம். வெளியே பாயில் மாமாவும் கம்பவுண்டரும். மாமாவுக்கு அந்நியரிடம் பேச வேறு விஷயம் கிடையாது, குதிரையைப் பற்றித்தான் பேசினாராம். "இருபது வயசுல அக்கா வீட்டுக்கு வந்தேங்க. வந்த வருஷமே சந்தையில குட்டியா வாங்குனேன். பாட்டில்ல பால் குடுத்து வளத்தேன்." கம்பவுண்டருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வாயில்லாச் சீவனைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் பெண்டாட்டியை நன்றாக வைத்துக்கொள்வான் என்று தன் வீட்டில் சொல்லியிருக்கிறார். ஆவணியில் நிச்சயம் என்று பேச்சு.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாமாவுக்கு இருபத்தெட்டு என்றால் குதிரைக்கு எட்டு. குதிரைக்கு என்ன வயது என்பதைப் பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எட்டு வயதுக் குதிரையின் பல் வேறு, பதினாறு வயதுக் குதிரையின் பல் வேறு. ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகள் வயதைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். தன் வயதைக் கொண்டுபோய் ஒரு குதிரையின் வாயில் எழுதி வைத்த மாப்பிள்ளை எங்கள் மாமா ஒருவர்தான் இருப்பார். அந்த வாய்தான் நோயில் விழுந்தது. அதைத் திறந்து பார்க்க வேண்டிய ஆஸ்பத்திரியில்தான் மாமனார் நின்றார்.

இதை மாமா அம்மாவிடமும் சொல்லாமல் நாளைக் கடத்தினார். யார் யாரோ சொன்ன வைத்தியத்தைச் செய்தார். பூண்டும் உப்பும் அரைத்துத் தடவினார். மஞ்சள் பற்றுப் போட்டு, தன் துண்டால் தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டார். பல்வலி வந்த பெரியப்பா மாதிரி செவலை துண்டு கட்டிக்கொண்டு வண்டி இழுத்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். குடுமியான்மலைப் பக்கத்தில் ஒருவர் கன்னத்தில் சூடு போடுவார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனார். அந்த ஆள், வாயைத் திறந்து காட்டு, எந்தப் பல் என்று தெரியாமல் எங்கே சூடு போடுவது என்று கேட்டிருக்கிறார். மாமா திரும்பி வந்துவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா தாங்க முடியாமல், "நீ கொண்டுபோகலேன்னா நாளைக்கு நானே புடிச்சிக்கிட்டுப் போறேன்" என்று கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். மாமா அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். நான் அடுப்படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"ஏன்டா, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? குதிரை கதைய யாருடா ஒன்னைச் சொல்லச் சொன்னது?"

பிறகு நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம். உள்ளே வந்த அம்மா கயிற்றை ஆணியில் மாட்டினாள்.

"ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம். ஐயனாருக்கு ஒரு மண்குதிரை நேந்துக்கிறேன். அவரு பாத்துக்குவாரு."

காலையில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஐயனார். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. "அம்மா, நீதானம்மா டாக்டருட்ட காட்டுன்னு சொன்னே?" என்றேன். "ஒன் சோலியப் பாரு" என்றாள்.

மண்குதிரை செய்கிற வேளார் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். அம்மா என்னையும் கூட்டிப்போனாள். எங்கள் பக்கத்தில் கால் நோவுக்குக் கால், கண் நோவுக்குக் கண் என்று மண்ணில் செய்து கோவிலில் வைப்பார்கள். வேளாருக்கு அது கைப்பழக்கம். ஆனால் குதிரையின் பல்லுக்கு நேர்ந்துகொண்டு அதுவரை யாரும் வந்ததில்லையாம்.

"குதிரையே செய்யணுமா, பல்லு மட்டும் செஞ்சாப் போதுமா?"

"குதிரையாவே செஞ்சிருங்க. வாய் தெறந்தாப்ல. பல்லு நல்லாத் தெரியணும்."

"மேப்பல்லா கீப்பல்லா, எதுல நோவு?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. "எல்லாப் பல்லும் வச்சிருங்க" என்றாள்.

"நான் வேணா ஒருதடவ வந்து ஒங்க குதிரை வாயப் பாத்துட்டு..."

"வேணாம் வேணாம்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் வேளாரின் கோழிகள் சிதறி ஓடின.

இவ்வளவும் நடக்கும்போது செவலை இளைத்துக்கொண்டே வந்தது. விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. மற்றப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்து, குதிரையைச் சரிபண்ணிய பிறகு வண்டி கட்டுங்கள், அதுவரை எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வண்டியில் நான் ஒருத்திதான். பாரம் குறைந்தது என்று மாமா சொன்னார். உண்மையில், பஸ்ஸில் என்னையும் அனுப்பியிருக்கலாம். கூட்டத்தில் நான் நசுங்கிவிடுவேன் என்று அவருக்குப் பயம். அக்கா காலத்திலிருந்தே அவருக்கு அந்தப் பயம்.

ஒரு வியாழக்கிழமை காலை. கண்மாய்க் கரை மேட்டில் செவலை நின்றுவிட்டது. மாமா நாக்கைச் சொடுக்கினார், அதட்டினார். அது நகரவில்லை. பக்கத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, காதைக்கூட அசைக்கவில்லை. மாமா இறங்கிப் போய்த் துண்டை அவிழ்த்தார். வீங்கிய கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். செவலை தலையை அவர் தோளில் சாய்த்து முழுப் பாரத்தையும் இறக்கிவிட்டது. அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சீழ். அப்படியே நின்றார்கள் இரண்டு பேரும்.

"மாமா, மணி அடிச்சிருவாங்க" என்றேன்.

அவர் கடிவாளத்தைக் கையில் பிடித்து, கூடவே நடந்தபடி, வண்டியைத் திருப்பினார். பின்வாசல் பாதையை விட்டு நேர் ரோட்டுக்கு வந்தோம்.

"மாமா! பள்ளிக்கூடம் அங்கிட்டு!"

"இன்னிக்கு லீவு ஆத்தா."

"யாரு சொன்னா? இன்னிக்கு வியாழக்கெழமை மாமா!"

"நான் சொல்றேன். பேசாம ஒக்காரு."

அவர் என்னிடம் அவ்வளவு கறாராகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் வண்டி நுழைந்தது. ஊசிக்கு வந்த மாடுகளும் ஆடுகளும் நின்றன. காக்கிச் சட்டையில் ஒருவர் வாளியோடு வந்தவர், எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"அடடே, வாங்க மாப்ளை! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீங்க? இவனா அந்தச் செவலை? அய்யய்யோ, என்னங்க இப்படிக் கெடக்கு?"

பெண்ணின் அப்பா. அவரே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். "சார், நம்ம வீட்டு மாப்ளை. நிச்சயம் பண்ணப் போறோம்" என்று அங்கே நின்ற மாட்டுக்காரர்களுக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொன்னார். டாக்டர் இளவயதுக்காரர், முகத்தில் சிரிப்பு இல்லாதவர். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மூக்கில் வடிந்ததைப் பஞ்சில் எடுத்து முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதட்டைத் தூக்கப் போனபோது செவலை முன்னங்காலைத் தூக்கித் திமிறியது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்குங்க" என்றார் மாமா.

"ரெண்டு மாசமா என்னய்யா பண்ணுனீங்க? கல்யாணப் பேச்சு வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா?"

கம்பவுண்டர் சமாதானமாகச் சிரித்தார். டாக்டர் விளக்கினார். கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் அழுகியிருக்கிறது, சீழ் மேலே ஏறி எலும்புக்குள் தேங்கி மூக்கு வழியாக வருகிறது, பல்லை எடுத்தே ஆக வேண்டும், நிற்க வைத்துச் செய்ய இது விடாது, மயக்க மருந்து கொடுத்துப் படுக்கப் போட வேண்டும். "தின்னாம இவ்வளவு மெலிஞ்சு கெடக்கு. மருந்து கூடுனா மூச்சு நின்னுரும், கொறஞ்சா பாதியில எந்திரிச்சு நம்மளை மிதிச்சிரும். வயசு எவ்வளவு?"

மாமா வாயைத் திறப்பதற்குள் கம்பவுண்டர் சொன்னார்.

"எட்டுங்க சார். மாப்ளை இருபது வயசுல குட்டியா வாங்குனது, பால் புகட்டி வளத்தது. எனக்குத் தெரியும்ல."

"எட்டுன்னா தாங்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் மருந்தை அளக்கப் போனார்.

மாமா செவலையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் மருந்தை அளக்கிற கையையே பார்த்தார். நான் படியில் உட்கார்ந்து, இதோடு நாற்றம் போய்விடும், நாளைக்கு வகுப்புக்குள் உட்காரலாம் என்று சந்தோஷமாக இருந்தேன்.

"சார்."

டாக்டர் திரும்பினார்.

"எட்டு இல்லைங்க. பதினாறு."

"என்னது?"

"பதினாறு வயசுங்க. குட்டியா வாங்குனது நெசம். பதினாறு ஆச்சு."

டாக்டர், "அதை மொதல்லயே சொல்ல வேண்டாமா? இந்த வயசுக்கு மருந்தை ரொம்பக் கொறைக்கணும்யா. கொன்னுருப்பேன்" என்று கத்தினார். அளந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்தார். கம்பவுண்டர் கத்தவில்லை. அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. நானும் வாய்பாடு சொல்லும்போது அப்படித்தான் அசைப்பேன். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தலைய நல்லாப் புடிங்க" என்றார். மாப்ளை என்ற சொல் அதில் இல்லை.

வைக்கோலை மெத்தை மாதிரி பரப்பினார்கள். கழுத்து நரம்பில் மருந்து ஏற, செவலை தள்ளாடி, முழங்கால் மடிந்து, பெருமூச்சோடு சாய்ந்தது. கால்களைக் கட்டினார்கள். ஒரு இரும்புச் சட்டத்தை வாய்க்குள் கொடுத்துத் திருகத் திருக வாய் அகலத் திறந்தது. நாற்றம் தாங்காமல் மாட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். டாக்டர் கையை உள்ளே விட்டுத் தடவினார். வெளியே தெரிந்த மேல்வரிசை ஓரப் பல்லில் ஓடிய ஒரு கறுப்புக் கோட்டை விரலால் தொட்டு, "பதினாறு சரிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்பவுண்டரும் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

நீளமான கொறடு ஒன்றைப் போட்டு டாக்டர் ஆட்டி ஆட்டி இழுத்தார். ஈரமான கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். பல்லின் வெளிப்பாகம் மட்டும் நொறுங்கி வந்தது, வேர் வரவில்லை. டாக்டர் நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டு, "மேல இருந்துதான் தட்டணும்" என்றார். கண்ணுக்குக் கீழே மயிரை மழித்து, தோலைக் கீறி, தச்சர்கள் கையால் சுற்றும் துளைக்கருவி போன்ற ஒன்றை எலும்பில் வைத்துச் சுற்றினார். நான் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். காசளவு எலும்பு கழன்று வந்தது. அந்தத் துளையில் ஓர் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்ட, கம்பவுண்டர் வாய்க்குள் கைவிட்டு வேரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அசையுதா?"

"அசையுது சார். இன்னும் ஒண்ணு... இன்னும் ஒண்ணு... வந்திருச்சு!"

என் சுண்டுவிரலை விட நீளம், மூன்று மடங்கு தடிமன், பாதி கறுப்பு. அதைத் தட்டில் போட்டபோது நங் என்று கேட்டது. துளை வழியாக உப்புத் தண்ணீரைப் பீய்ச்ச, மூக்கு வழியாக எல்லாம் கொட்டியது. மாமா இதையெல்லாம் பார்க்கவில்லை. செவலையின் காதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

அதற்குப் பிறகு, மயக்கம் தெளிந்து அது எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். மாமா எதிர்க் கடையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, குதிரைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கம்பவுண்டர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். நான் இரண்டு பேருக்கும் பக்கத்தில் படியில்.

"முப்பத்தாறா?"

"ஆமாங்க."

"ஒங்க அக்கா இருபத்தெட்டுன்னாங்களே."

"அக்கா மேல தப்பில்லைங்க. நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

இது பச்சைப் பொய். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, சும்மா இருபத்தெட்டு என்று சொல்லி வைப்போம் என்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். மாமா வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். அது யாருடைய வயது என்று எனக்கு அப்போது தெரியாது, ஆனால் சொன்னது அம்மா என்பது தெரியும். பன் வாயில் இருந்ததால் சும்மா இருந்தேன்.

"சரி, அத விடுங்க" என்றார் கம்பவுண்டர். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் மாமாவும் ஏதாவது சொல்லியிருப்பார். "பாத்தா பொண்ணு கெடைக்காத ஆளு மாதிரித் தெரியல. சொந்தமா வண்டி இருக்கு, கெட்ட பழக்கம் இருக்கிற மூஞ்சி இல்ல. முப்பத்தாறு வயசு வரைக்கும் ஏன் கல்யாணம் பண்ணிக்கல? வியாதி கியாதி உண்டா?"

"இல்லைங்க."

"எங்கிட்டாச்சும் வேற குடும்பம்..."

"ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க."

"பின்ன?"

மாமா வைக்கோல் ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டார். "அப்படியே இருந்துட்டேங்க."

"அப்படியே எப்படிங்க இருக்க முடியும்? ஒரு காரணம் வேணாமா? எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. நான் வீட்டுல போயி எடுத்துச் சொல்றேன். சொல்லுங்க தம்பி."

கம்பவுண்டர் உண்மையாகவே காத்திருந்தார். ஒரு மாடு கத்தி முடிக்கும் வரை, இன்னொரு மாட்டை இழுத்துக்கொண்டு போகும் வரை காத்திருந்தார். மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நானும் அவர் வாயையே பார்த்தேன்.

"தண்ணி குடிச்சியா ஆத்தா? பன்னு தொண்டையில நிக்கும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம்! வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் தப்போ சரியோ எழுந்து நின்று ஒரு பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய ஆள், சின்னக் கேள்வி, பதில் தெரியாமல் முழிக்கிறாரே என்று இருந்தது.

கம்பவுண்டர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். "குதிரைக்காக நெசத்தச் சொன்னீங்க. அத நான் மறக்க மாட்டேன் தம்பி. மத்தத வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்றார். பல்லைக் கழுவிக் காகிதத்தில் மடித்து மாமாவின் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் செவலை தலையைத் தூக்கியது, ஒருமுறை விழுந்தது, பிறகு நாலு காலையும் அகட்டிக்கொண்டு எழுந்து நின்றது.

சொல்லி அனுப்பினார்கள். பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாளாம். அதற்குப் பிறகு மாமா எங்கேயும் பெண் பார்க்கப் போகவில்லை, அம்மாவும் கூப்பிடவில்லை. வேளார் செய்த மண்குதிரை மட்டும், வாய் நிறைய வெள்ளைப் பல்லோடு, ஐயனார் கோவிலில் வெகுநாள் சிரித்துக்கொண்டு நின்றது.

அந்த வியாழக்கிழமையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சாயங்காலம் வண்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, செவலையை நடத்தியே வீட்டுக்கு வந்தோம். அம்மா வாசலில் நின்றாள். மாமா எல்லாவற்றையும் நாலு வார்த்தையில் சொன்னார்.

"ஏன் இம்புட்டு நாள் பண்ணலன்னு கேட்டிருப்பாரே. என்னடா சொன்னே?"

"அப்படியே இருந்துட்டேன்னு சொன்னேன்க்கா."

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கொல்லைக்குப் போய், மத்தியானமே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்துப் போட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் போகாததற்கு எனக்குத் திட்டு விழுவதற்குள் பேச்சை மாமா பக்கம் திருப்பிவிடலாம் என்று நான் பின்னால் போனேன்.

"அம்மா, அந்தக் கம்பவுண்டர் தாத்தா எத்தனை தடவ கேட்டாரு தெரியுமா? மாமாவுக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியலம்மா" என்றேன்.

அம்மா சாம்பல் கையோடு என் கன்னத்தில் அறைந்தாள். பல் ஆட்டம் கண்டுவிட்டதோ என்று நாக்கால் தொட்டுப் பார்த்தேன். நான் என்ன தப்பாகச் சொன்னேன்? பதில் சொல்லத் தெரியாதவர் அவர், அறை எனக்கா? அடித்துவிட்டு அம்மாவும் அழுதாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் செவலை தவிட்டுக் கஞ்சி குடித்தது. டாக்டர் அதற்கு ஓய்வு சொல்லியிருந்ததால் மாமா என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரித் தெரு வழியாகவே போனோம். மணி அடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன்.